வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

நாவல் எழுதுகிறவனுக்கு வீடியோ கேமில் என்ன அக்கறை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கதை சொல்லும் காரியம் இன்று அச்சுக்கூடத்தோடும் சினிமாக் கொட்டகையோடும் நின்றுவிடவில்லை. முன்பெல்லாம் இரவு விளக்கை அணைக்காமல் தொடர்கதை படித்துக்கொண்டிருந்திருக்கக்கூடிய பையன்களில் பலர் இப்பொழுது கதையைத் தேடி வேறு இடத்துக்குப் போகிறார்கள். அங்கே கதாநாயகனைத் தாங்களே நடத்திக்கொண்டு போகிறார்கள். கதை போகிற இடத்துக்குக் கதாசிரியனும் ஒரு தடவையாவது போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அப்படிப் போனபோது அங்கே இருந்த கதைகளைவிட அவற்றின் விலைதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. விலையைப் பற்றி எழுதுவது இலக்கிய விமரிசனமாகுமா என்றால், ஆகும் என்பதே என் அபிப்பிராயம். ஒரு படைப்பு யாருடைய கைக்குப் போகும், எத்தனை நாள் அங்கே இருக்கும், அடுத்து யாருக்குப் போகும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது விலையும் விற்பனை முறையும்தான். இவற்றை ஒதுக்கிவிட்டு உருவம், உத்தி என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பது பாதி விமரிசனம்.

விஷயம் இதுதான். ஒரே கேமை இரண்டு விதமாக வாங்கலாம். பிளாஸ்டிக் பெட்டிக்குள் வட்டத் தகடாக வாங்குவது ஒன்று. பையன்கள் இதை டிஸ்க் என்கிறார்கள். பெட்டியும் தகடும் இல்லாமல் இணையத்தின் வழியே நேராக மெஷினுக்குள் இறக்கிக்கொள்வது மற்றொன்று; இதை டிஜிட்டல் என்கிறார்கள். உள்ளே இருக்கும் ஆட்டம் இரண்டிலும் ஒன்றே. 2020-ல் புது மெஷின்கள் வந்தபோது பெரிய கம்பெனிகளின் புது கேம்கள் அமெரிக்காவில் 60 டாலரிலிருந்து 70 டாலருக்கு ஏறின. இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5-க்கான பெரிய கேம் ஒன்று வெளிவந்தால் விலை 4,999 ரூபாய் என்பது பழகிப்போயிற்று. டிஸ்க்காக வாங்கினாலும் டிஜிட்டலாக வாங்கினாலும், வெளிவருகிற அன்று, அதே 4,999.

சாமானிய புத்தி உடனே ஆட்சேபிக்கிறது. தகடு அடிக்கும் செலவு இல்லை, பெட்டி இல்லை, லாரி வாடகை இல்லை, கிடங்கு இல்லை, கடைக்காரர் கமிஷன் இல்லை. பிறகு ஏன் விலை குறையவில்லை? இந்த ஆட்சேபம் எல்லாருடைய வாயிலும் வருகிறது. ஆனால் இது அவ்வளவு பலமான ஆட்சேபம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. பலமானது அதுதான்.

நான் இருக்கும் சூளகிரி, ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஏறக்குறைய நடுவில், பெங்களூர் போகும் தேசிய நெடுஞ்சாலையின் மேல் இருக்கிறது. ஒரு பக்கம் மலை. மறுபக்கம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசும் ஊர். எங்கள் ஊர்க் கொத்தமல்லிச் சந்தை பேர் பெற்றது. அங்கே ஒரு கட்டின் விலையை வரத்து தீர்மானிக்கிறது. வரத்து அதிகமானால் விலை விழும்; பறிகூலிக்குக்கூடக் கட்டாத நாட்களில் தோட்டத்திலேயே மாட்டை விட்டு மேய்த்துவிடுவார்கள். விலை என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஒரு விலை, தாண்டாவிட்டால் ஒரு விலை என்பதும் எல்லையோரத்து ஜனங்களுக்குப் பழைய சங்கதி.

இந்த ஊரில் வாடகை அறைகளில் தங்கி ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஏராளம். எனக்குத் தெரிந்த ஓர் அறையில் நான்கு பேர். மெஷின் ஒன்று, அதுவும் பழையதாக வாங்கியது. கேம் வாங்குவதும் கூட்டாகத்தான். தலைக்கு 1,250 ரூபாய் போட்டு ஒரு டிஸ்க் வாங்குகிறார்கள். ஷிப்டு மாறி மாறி வருவதால் மெஷினுக்கு ஓய்வு இல்லை. ஆடி முடித்த டிஸ்க் பக்கத்து அறைக்குப் போகும். அங்கிருந்து வேறொன்று வரும். கடைசியில் யாராவது ஒருவர் லீவு நாளில் பெங்களூருக்கு எடுத்துப் போய் விற்றுவிட்டு வருவார். 3,000 ரூபாய்க்கு விற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் 1,999; நான்கு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 500 ரூபாய். ஒரு மாதத்து ஆட்டத்துக்கு 500 ரூபாய் என்பது சம்பளக்காரப் பையனால் தாங்கக்கூடிய செலவு.

அவர்களில் ஒருவரிடம், “கடைக்குப் போகாமல் நேராக இறக்கிக்கொண்டால் சுலபமாயிற்றே?” என்று கேட்டேன். “இறக்கினா இறக்கினதுதான் சார். அப்புறம் அதை யார்கிட்ட குடுக்கிறது?” என்றார் அவர்.

பொருளாதாரப் பேராசிரியர்கள் பல பக்கம் எழுதக்கூடியதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். டிஸ்க் வாங்குகிறவன் கொடுக்கும் 4,999-ல் ஒரு பகுதி செலவு, மீதி கையிருப்பு. விற்றால் திரும்பி வரும். கொடுத்தால் நன்றியாக வரும். டிஜிட்டலாக வாங்குகிறவன் கொடுக்கும் 4,999 முழுவதும் செலவு. ஒரு காசு திரும்பாது. ஆக, இரண்டுக்கும் ஒரே விலை என்று கம்பெனி எழுதியிருந்தாலும் உண்மையில் ஒரே விலை இல்லை. டிஜிட்டல்தான் விலை கூடியது. நான் சொன்ன பலமான ஆட்சேபம் இது. தகட்டையும் பெட்டியையும் விட்டுவிடலாம், அவை சில்லறை. கொடுக்கவும் விற்கவும் இருந்த உரிமை எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

கம்பெனிகளின் கட்சியையும் கேட்கவேண்டும். அவர்கள் சொல்வது: “நீங்கள் தகட்டுக்கா பணம் கொடுக்கிறீர்கள்? நூற்றுக்கணக்கான பேர் வருஷக்கணக்கில் உழைத்துச் செய்த ஆட்டத்துக்கு அல்லவா கொடுக்கிறீர்கள்?” இதை நான் முழு மனத்துடன் ஒப்புக்கொள்கிறேன். காகிதத்தின் எடைக்கு நாவல் விற்கவேண்டும் என்று சொல்கிறவர்களோடு எழுத்தாளர்கள் காலம் காலமாகச் சண்டை போட்டு வந்திருக்கிறார்கள். இந்த வாதத்தை இன்று கேம் செய்கிறவர் சொல்லும்போது நான் எதிர்க்கட்சியில் போய் உட்கார முடியாது. மேலும் கமிஷன் இல்லை என்பதும் வாஸ்தவமில்லை. இணையக் கடையும் கடைதான். கம்ப்யூட்டர் கேம்களின் மிகப் பெரிய கடையான ஸ்டீம் நூற்றுக்கு 30 எடுத்துக்கொள்கிறது. மிக அதிகமாக விற்பவற்றுக்கு மட்டும் 2018-லிருந்து அது 25, 20 என்று குறைகிறது. பிளேஸ்டேஷன் கடையின் கமிஷனும் அந்த 30-தான். பல்பொடி விற்கும் கடைக்காரர்கூட இவ்வளவு கமிஷனை நினைத்துப் பார்க்கமாட்டார். 2018 டிசம்பரில் எபிக் என்ற கம்பெனி, 12 போதும் என்று சொல்லி ஒரு கடை திறந்தது. செய்கிறவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் வாங்குகிறவன் கொடுக்கும் விலை பெரும்பாலும் மாறவில்லை. செலவு குறைந்தால் விலை தானாகக் குறையும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கும் நம்பிக்கை.

விலையைக் குறைப்பது செலவு அல்ல, பக்கத்துக் கடை. டிஸ்க்கை எத்தனை கடையில் விற்கிறார்கள்! ஒருவர் 4,999 என்றால் இன்னொருவர் 4,500 என்பார். மூன்றாம் மாதம் ஸ்டாக் தேங்கினால் 3,500-க்குத் தள்ளுவார். பழையது 3,000-க்குக் கிடைக்கிறது என்ற பயம் புதியதன் விலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் கொத்தமல்லிக் கட்டின் கதைதான். ஆனால் மெஷினுக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் கடைக்குப் பக்கத்துக் கடை கிடையாது. அதன் சரக்கு வாடுவதில்லை, தேங்குவதில்லை, ஒருவர் ஆடி முடித்ததால் இன்னொன்று சந்தைக்கு வருவதுமில்லை. முன்பு டிஜிட்டல் கேமுக்கான ரகசிய எண்ணை அட்டையில் அச்சிட்டு மற்ற கடைகளும் விற்றுவந்தன. 2019 ஏப்ரலில் ஸோனி, தன் முழு கேம்களுக்கான அந்த எண்களைக் கடைகளில் விற்பதை நிறுத்திவிட்டது. அதோடு அந்தச் சிறு போட்டியும் போயிற்று.

இந்தச் சரித்திரத்தில் வேடிக்கையான ஓர் அத்தியாயம் உண்டு. 2013 ஜூனில் மைக்ரோஸாஃப்ட் தன் புது எக்ஸ்பாக்ஸில், வாங்கிய டிஸ்க்கை மற்றவருக்குக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடுகள் இருக்கும் என்று அறிவித்தது. உடனே போட்டிக் கம்பெனியான ஸோனி ஒரு குட்டிப் படம் வெளியிட்டது. ‘எங்கள் மெஷினில் கேமைப் பகிர்ந்துகொள்வது எப்படி’ என்பது பொருள். ஒருவர் பெட்டியை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கிறார்; அவர் வந்தனம் சொல்லி வாங்கிக்கொள்கிறார்; அவ்வளவுதான் படம். உலகமே சிரித்தது. ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் மைக்ரோஸாஃப்ட் பின்வாங்கிவிட்டது. இரவல் கொடுக்கும் உரிமைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அன்று இரண்டு கம்பெனிகளும் கற்றுக்கொண்டன. கற்றுக்கொண்டதைப் பிற்பாடு எப்படி உபயோகித்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். 2021 பிப்ரவரி 2-ம் தேதி இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது, டிஸ்க் போடும் வாய் உள்ளது 49,990 ரூபாய். வாய் இல்லாதது 39,990 ரூபாய். உரிமையைப் பிடுங்கினால் ஜனங்கள் கூச்சல் போடுகிறார்கள். 10,000 ரூபாய் குறைத்துக் கொடுத்தால் தாங்களே ஒப்படைத்துவிடுகிறார்கள்.

மேலே சொன்ன அறைகளில் ஒன்றில் வாயில்லாத மெஷின் வாங்கிய ஒரு பையன் இருக்கிறார். 10,000 மிச்சம் என்று சந்தோஷமாகத்தான் வாங்கினார். பக்கத்து அறை டிஸ்க் அவருக்குப் பயன்படாது. அவருடைய கேம் பக்கத்து அறைக்குப் போகாது. கணக்கை இன்னொரு மெஷினில் பகிர்ந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது கம்பெனி தரும் சலுகை. நாளைக்கு நிபந்தனையை மாற்றினால் யாரும் கேட்க முடியாது. 4,999 வீதம் நான்கைந்து கேம் வாங்கியதும் மிச்சம் பிடித்த 10,000 போன இடம் தெரியவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு: டிஸ்க் மாற்றிக்கொள்ள வரும் சாக்கில் அறைக்கு அறை நடக்கும் பேச்சில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. இரவல் என்பது பணத்தை மிச்சம் பிடிக்கும் வழி மட்டும் அன்று. நம் தெருக்களில் வாரப் பத்திரிகை ஒரு பிரதி பத்து வீடு சுற்றிய காலத்தை அறிந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

டிஜிட்டலின் நன்மைகளை மறைத்துப் பேசுவதும் சரியல்ல. தொண்ணூறுகளில் நம் ஊர்களில் டி.வி. கேம் காசெட் என்று விற்றவற்றில் பெரும்பாலானவை நகல்கள். பிறகு வந்த பிரௌசிங் சென்டர்களில் பையன்கள் ஆடிய ‘வைஸ் சிட்டி’யில் எத்தனை பிரதி காசு கொடுத்து வாங்கியது என்று விசாரித்தால் தலைகுனிய வேண்டியிருக்கும். ஸ்டீம் கடை 2015 நவம்பரில் ரூபாயில் விலை போட ஆரம்பித்தபோது நிலைமை மாறத் தொடங்கிற்று. டாலரை அப்படியே ரூபாயாக்காமல் நம் வருமானத்தைப் பார்த்து விலை வைத்த கேம்கள் பல. வருஷத்துக்குச் சில தடவை பாதி விலை, கால் விலை என்று தள்ளுபடியும் உண்டு. அந்தத் தள்ளுபடியில் டிஜிட்டல், டிஸ்க்கை மிஞ்சிவிடுவது சகஜம். கேம் கடையே இல்லாத ஊரில் இருப்பவருக்கு, ராத்திரி பதினோரு மணிக்கு ஷிப்டு முடிந்து வந்தாலும் கடை திறந்திருக்கிறது. ஆனால் இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தையில் விலை விழுவது விற்கிறவனை மீறி நடக்கும் காரியம். இணையக் கடையில் விலை விழுவது விற்கிறவன் மனம் வைத்தால் நடக்கும் காரியம். மனம் மாறுவதும் உண்டு. 2023 நவம்பரில் அதே ஸ்டீம் கடையில் துருக்கிக்கும் அர்ஜென்டினாவுக்கும் உள்நாட்டுப் பண விலையை நிறுத்தி டாலருக்கு மாற்றிவிட்டார்கள். மாத வாடகைக்கு ஆடுவது மலிவு என்று பழக்கிய எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸின் மேல்தரச் சந்தா, 2025 அக்டோபரில் அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து ஒரே தாவலில் 29.99 ஆயிற்று. கையில் பொருள் இல்லாதவனுக்கு, கட்டு அல்லது விடு என்ற இரண்டு வழிகள்தான்.

டிஜிட்டலுக்குக் குறைந்த விலை வைக்க முடியாது என்பதும் இல்லை. 2023 அக்டோபரில் ‘ஆலன் வேக் 2’ டிஸ்க் இல்லாமல் டிஜிட்டலாக மட்டும் வெளிவந்தது. 70 டாலர் வழக்கமாகிவிட்ட காலத்தில் அது 60 டாலருக்கு வந்தது. 2025-ல் நின்டெண்டோவின் ‘மரியோ கார்ட் வேர்ல்டு’ ஜப்பானில் பெட்டியாக 9,980 யென், டிஜிட்டலாக 8,980 யென், இங்கிலாந்தில் 74.99 பவுனும் 66.99 பவுனும். முடியும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். அதே கம்பெனி அதே வருஷத்தில் சில பெட்டிகளுக்குள் கேமே இல்லாமல், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள ஒரு சாவியை மட்டும் வைத்து விற்கவும் வழி செய்தது. பெட்டியைத் திறந்தால் பண்டம் இல்லை, பண்டம் இருக்கும் இடத்தின் முகவரி இருக்கிறது!

விலையோடு சேர்ந்த இன்னொரு கேள்வி ஆயுள். 2014-ல் யூபிஸாஃப்ட் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய ஆட்டம், கம்பெனியின் கம்ப்யூட்டரோடு தொடர்பு இருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ல் அந்தக் கம்ப்யூட்டர்களை நிறுத்திவிட்டார்கள். டிஜிட்டலாக வாங்கியவர்கள் மட்டுமல்ல, டிஸ்க் வைத்திருந்தவர்களும் வெறும் தகட்டோடு நின்றார்கள். ஆகவே டிஸ்க் இருந்தால் போதும் என்று யாரும் மார்தட்ட முடியாது. அதிலிருந்து எழுந்த கிளர்ச்சிக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. கலிபோர்னியா ராஜ்யத்தில் 2025 ஜனவரி முதல் அமலான சட்டம் ஒன்று, வாங்குகிறவனுக்குக் கிடைப்பது அனுமதி மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்ற வார்த்தையை டிஜிட்டல் கடைகள் உபயோகிக்கக் கூடாது என்கிறது. சட்டசபை ஒன்று ஒரு வினைச்சொல்லின் அர்த்தத்தைக் காப்பாற்ற முன்வந்திருப்பது, சொற்களால் பிழைக்கும் எனக்குச் சந்தோஷம் தருகிறது. வாங்குவது என்றால் வைத்துக்கொள்வதும் அதில் அடக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டையும் பிரித்துவிட்டார்கள். பிரித்த பிறகும் பழைய விலையை வாங்குகிறார்கள்.

இனி ஒரு படைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நம் மொழிக்காரர்களுக்கு இது நேராக வந்து தொடும் இடம். 2023 ஜூலை 31-ல் ‘வெண்பா’ என்ற கேம் வெளிவந்தது. செய்தது டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ். முக்கியமாக அதை ஆக்கியவர் அபி என்ற தமிழ் இளைஞர். 1980-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை. துப்பாக்கி இல்லை, பந்தயம் இல்லை, சமையல்தான் ஆட்டம். வெண்பாவின் அம்மா கொடுத்த பழைய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விட்டுப்போன வரிகளை யூகித்து இட்லியையும் புட்டையும் சரியாகச் செய்து எடுக்க வேண்டும். 2024-ல் பிரிட்டிஷ் அகாடமியின் ‘பாஃப்டா’ விருது, முதல் படைப்புக்கானது, இதற்குக் கிடைத்தது.

விலை 14.99 டாலர். ஆடி முடிக்க ஒன்று ஒன்றரை மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து டாலரா என்று கேட்டவர்கள் உண்டு. நாவலைப் பக்கக் கணக்கில் அளக்கிறவர்களின் தம்பிமார் இவர்கள். அளவைக் கொண்டு கலையை மதிப்பிட ஆரம்பித்தால் நல்ல சிறுகதை ஒன்றுகூடத் தமிழில் மிஞ்சியிருக்காது. ‘வெண்பா’ சிறியது, அதன் பெயருக்குத் தக்கபடி அடக்கமானது. சில கட்டங்களில் காலத்தைத் தாண்டிக் குதிக்கும்போது பாத்திரங்கள் நம்மோடு தங்குவதற்குள் போய்விடுகிறார்கள் என்பது என் குறை. மகனுக்கும் தாய்க்கும் நடுவில் பாஷை தேய்ந்துபோவதை அதிகம் பேசாமல் காட்டியிருப்பது அதன் நிறை. அதற்கு 15 டாலர் அதிகம் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தக் கதையின் உயிர், தாயிடமிருந்து மகளுக்கு வந்த ஒரு புத்தகத்தில் இருக்கிறது. கிழிந்துபோன புத்தகம், ஆனால் கையில் இருக்கும் புத்தகம். கிழிந்ததால்தான் கதையே. அந்தக் கதையைச் சொல்லும் கேம் வெளிவந்தபோது பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ, ஸ்டீம் ஆகிய இணையக் கடைகளில் இறக்கிக்கொள்ளும் டிஜிட்டல் சரக்காக வந்தது. ஒரு தாய் அதை வாங்கி ஆடி, கண் கலங்கி, தன் மகளுக்கு வைத்துவிட்டுப் போக நினைத்தால் முடியாது. தன் கணக்குகளை உயிலில் எழுதி மற்றவருக்கு மாற்ற முடியாது என்று ஸ்டீம் கடையே சொன்ன செய்தி 2024-ல் வெளிவந்தது. அம்மாவின் சமையல் புத்தகம் மகளுக்கு வரும். அம்மாவின் சமையல் புத்தகத்தைப் பற்றிய கதை மகளுக்கு வராது. இது படைத்தவர் குற்றமன்று. சிறு ஸ்தாபனம் பெட்டி அடித்து உலகமெங்கும் அனுப்பக் கிளம்பினால் அதன் முதல் படைப்பே கடைசிப் படைப்பாகிவிடும். டிஜிட்டல் இல்லாவிட்டால் இப்படி ஒரு தமிழ்க் கதை அந்த உலகத்தில் பிறந்தே இருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறக்க வழி செய்தது எதுவோ அதுவே நிலைக்க வழியில்லாமலும் செய்திருக்கிறது.

இது வீண் பயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் வீடியோ கேம் சரித்திரத்தைப் பாதுகாக்கும் ஸ்தாபனம் ஒன்று 2023 ஜூலையில் ஆராய்ந்து சொன்னது: 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று முறையான கடைகளில் கிடைப்பதில்லை. நின்டெண்டோ தன் இரண்டு பழைய மெஷின்களுக்கான இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360-ன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. மூடிய கடைகளில் இருந்தவற்றில் எதுவாவது மிஞ்சுமானால், யாரோ ஒருவர் பரணில் போட்டுவைத்த பெட்டியால்தான் மிஞ்சும். நம் மொழியின் அனுபவமும் இதுதானே? சாமிநாதையர் 1887-ல் சிந்தாமணியையும் 1892-ல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்ற முடிந்ததற்குக் காரணம், ஊர் ஊராகப் பல வீடுகளில் பல பேர் தங்கள் தங்கள் ஏட்டை வைத்திருந்தார்கள் என்பதுதான். பல வீடுகளில் செல்லரித்தது. சிலர் ஆற்றில் விட்டார்கள். ஆனாலும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிரதி தப்பியது. எல்லா ஏடுகளும் ஒரே கிடங்கில், ஒரே முதலாளியின் பூட்டுக்குள் இருந்திருந்தால் அவர் சாவியைத் தொலைத்த அன்றே காவியமும் தொலைந்திருக்கும்.

கடைசியாக என் சொந்தக் கட்சி. பழைய பிரதி விற்கும்போது ஆசிரியனுக்கு ஒரு காசும் வருவதில்லை. 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் எத்தனை தமிழ் நாவல்கள் எத்தனை முறை கைமாறின. ஒன்றுக்கும் ராயல்டி கிடையாது. நம் 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டமும், ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட புத்தகப் பிரதிகளில் ஆசிரியனுக்குத் தலையிட உரிமை தரவில்லை. கேம் கம்பெனிகள் பழைய டிஸ்க் வியாபாரத்தை வெறுப்பதற்குச் சொல்லும் காரணம் எனக்கும் பொருந்துவதுதான். இருந்தும் நான் அவர்களோடு சேரமாட்டேன். பிளாட்பாரத்தில் இரண்டு ரூபாய்க்கு ஒரு நாவலை வாங்கியவன் அடுத்த நாவலைப் புதிதாக வாங்குகிறான். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்துத் தைத்து, அட்டை போட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்த பெண்மணிகள் தமிழ் நாவலுக்குச் செய்த உபகாரத்தைப் பிரசுரகர்த்தர்கள் யாரும் செய்யவில்லை. அவர்களுக்கு அந்தத் தையல் பிரதியை வாங்கியதாக ரசீது கிடையாது. ஆனால் அதன் மேல் முழு உரிமை இருந்தது. இன்று டிஜிட்டல்காரனுக்கு ரசீது இருக்கிறது, உரிமை இல்லை.

நம் சர்க்காரும் இந்த விஷயத்தில் தெளிவாக யோசித்ததாகத் தெரியவில்லை. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதே புத்தகம் மின்புத்தகமாக வந்தால் முதலில் 18 சதவீதம். 2018 ஜூலையில் அதை 5 ஆகக் குறைத்தார்கள். பொருளாக வாங்குகிறவனைவிட அனுமதியாக மட்டும் வாங்குகிறவன் அதிக வரி கட்ட வேண்டும் என்பதில் என்ன தர்மம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

என் முடிவு இது. டிஜிட்டல் கேமின் விலை டிஸ்க்கைவிடக் குறைவாக இருக்கவேண்டும். தகடு இல்லை என்பதற்காக அல்ல, வாங்குகிறவனுக்குக் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்பதற்காக. குறைக்க மனமில்லையென்றால் டிஸ்க்காரனுக்கு உள்ள உரிமைகளை டிஜிட்டல்காரனுக்கும் கொடுக்கட்டும்: ஒரு தடவை இன்னொருவர் பேருக்கு மாற்ற அனுமதி, பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போக அனுமதி, கடையை மூடினாலும் ஆட்டம் ஓடும் என்ற உறுதி. இரண்டில் ஒன்றைச் செய்தால் நியாயம். இரண்டையும் செய்யாமல் 4,999 கேட்பது, வாடகை வீட்டைக் காட்டிக் கிரயப் பணம் வாங்குவது போன்றது. சூளகிரிப் பையன்கள் இதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இன்னும் டிஸ்க் வாங்குகிறார்கள். நம் எழுத்துகளும் மெல்ல மெல்ல அதே இணையக் கடைகளுக்குக் குடியேறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், நாவல் வாசகர்களும் அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது.